பாக்கெட் ஃபில்டர் மூன்றாம் அடுக்கு என்றால் போர்ட் எண்ணை ஏன் பார்க்கிறது?

கேள்வி இது: நெட்வொர்க்கின் வாசலில் நின்று எதை விடுவது, எதை மறிப்பது என்று பார்க்கும் ஃபயர்வால்களைப் பாடப்புத்தக அட்டவணை ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளில் வரிசைப்படுத்துகிறது. பாக்கெட் ஃபில்டரை மூன்றாம் அடுக்கிலும், ஸ்டேட்ஃபுல் ஃபயர்வாலை நான்கிலும், சர்க்யூட் லெவல் கேட்வேயை ஐந்திலும், பிராக்ஸியை ஏழிலும் வைக்கிறது. ஆனால் போர்ட் எண், அதாவது கணினிக்குள் எந்தச் செயலிக்கு என்று சொல்லும் எண், நான்காம் அடுக்கின் சங்கதி. அதைப் பாக்கெட் ஃபில்டரும் பார்க்கிறதே? ஸ்டேட்ஃபுல் இன்ஸ்பெக்‌ஷனை ஒரு புத்தகம் 3–4 என்கிறது, இன்னொன்று 3–7 என்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். ‘இந்த ஃபயர்வால் எந்த அடுக்கில் வேலை செய்கிறது?’ என்று கேட்கும்போது மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். பாக்கெட் என்ற தரவுப் பொட்டலத்துக்குள் எதுவரை படிக்கிறது? படித்ததில் எதை ஞாபகம் வைத்துக்கொள்கிறது? இணைப்பை அப்படியே கடந்துபோக விடுகிறதா, இல்லை வெட்டி இரண்டாக்கி நடுவில் தானே உட்கார்ந்துகொள்கிறதா? அட்டவணையில் இருப்பதோ ஒரே ஒரு கட்டம். மூன்று பதில்களும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

இதில் கொஞ்சம் வரலாறும் உண்டு. ஏழு அடுக்கு ஓஎஸ்ஐ மாதிரியைச் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 1984-ல் வெளியிட்டது. ஃபயர்வால் பிறந்தது வேறு வீட்டில், டிசிபி/ஐபி என்ற பேச்சு விதிகளில் ஓடிக்கொண்டிருந்த இணையத்தில். 1988 நவம்பரில் தானாகப் பரவும் மோரிஸ் வார்ம் என்ற நிரல் ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்த பிறகு இந்த வேலை சூடுபிடித்தது. அந்த இணையத்துக்கு, 1989-ல் வந்த ஆர்எஃப்சி 1122 (ஆர்எஃப்சி என்பது இணையத்தின் தொழில்நுட்ப ஆவண வரிசை) சொல்கிறபடி, நான்கே அடுக்குகள்: லிங்க், இன்டர்நெட், டிரான்ஸ்போர்ட், அப்ளிகேஷன். ஓஎஸ்ஐயின் ஐந்தாம், ஆறாம் அடுக்குகளுக்கென்று டிசிபி/ஐபி பாக்கெட்டில் தனி ஹெடர் (முகப்புக் குறிப்பு) கிடையாது. ஆகவே ‘ஐந்தாம் அடுக்கு ஃபயர்வால்’ என்பதெல்லாம் ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை இன்னொருவருக்கு மாட்டிய கதைதான். தோள் சரியாக இருக்கும், கை நீளும்.

சரி, ஒரு பாக்கெட்டைப் பிரித்துப் பார்ப்போம். ஈதர்நெட் ஃபிரேமின் முதல் 14 பைட் இரண்டாம் அடுக்கு: சேரவேண்டிய மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் முகவரி), அனுப்பிய மேக் முகவரி, உள்ளே இருப்பது என்ன வகை என்ற குறிப்பு. அடுத்தது மூன்றாம் அடுக்கான ஐபி ஹெடர், ஐபிவி4-ல் குறைந்தது 20 பைட். இரண்டு ஐபி முகவரிகளோடு ‘புரோட்டோகால்’ என்று ஒற்றை பைட்டும் அதில் உண்டு. 6 என்றால் உள்ளே டிசிபி, 17 என்றால் யுடிபி, 1 என்றால் பிங்கும் பிழைச் செய்திகளும் போகிற ஐசிஎம்பி. அது முடிந்ததும் நான்காம் அடுக்கான டிசிபி ஹெடர். அனுப்பும் போர்ட், பெறும் போர்ட் இரண்டும் அதன் முதல் நான்கு பைட்டிலேயே இருக்கின்றன. யுடிபியிலும் அதே இடம்தான்.

பாக்கெட்டை எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவெடுக்க ரவுட்டர் எப்படியும் ஐபி ஹெடரைப் படித்தாக வேண்டும். இன்னும் நான்கு பைட் எட்டிப் பார்த்தால் தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் டெல்நெட்டை (போர்ட் 23) மறித்து மெயிலை (போர்ட் 25) மட்டும் விடலாம். இவ்வளவு மலிவாகக் கிடைப்பதை யார் விடுவார்கள்? டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட்) நிறுவனத்தின் ஜெஃப்ரி மொகல் 1989-ல் விவரித்த ‘ஸ்கிரீன்ட்’ என்ற ஆரம்பகால ஃபில்டரிலேயே போர்ட் எண்ணை வைத்து விதி எழுத முடிந்தது. முகவரியை மட்டும் பார்க்கிற சுத்தமான மூன்றாம் அடுக்கு ஃபில்டர் நடைமுறையில் அநேகமாக யாருக்கும் போதவில்லை.

பிறகு ஏன் அதை மூன்றாம் அடுக்கு என்கிறார்கள்? அது போர்ட் எண்ணைப் படிக்கிறதே ஒழிய டிசிபியைப் புரிந்துகொள்வதில்லை. மூன்று கட்டக் கைகுலுக்கல் (சின், சின்-ஆக், ஆக் என்று இணைப்பைத் தொடங்கும் மூன்று பாக்கெட்டுகள்) நடந்ததா, இந்த பாக்கெட் அந்த உரையாடலைச் சேர்ந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வருகிற ஒவ்வொரு பாக்கெட்டும் அதற்கு முன்பின் தெரியாத ஆள். முடிவெடுக்கும் அலகு பாக்கெட். பாக்கெட் என்பது மூன்றாம் அடுக்கின் அலகு. அட்டவணையில் 3 என்று போட்டதற்கு இதுவே காரணம்.

இந்த வித்தியாசம் ஏட்டளவில் நிற்பதில்லை, ஓட்டையாகவே தெரியும். ஐபி ஒரு பெரிய பாக்கெட்டைத் துண்டுகளாக உடைக்கலாம். உடைத்தால் டிசிபி ஹெடர் முதல் துண்டில் மட்டும் இருக்கும். இரண்டாம் துண்டில் போர்ட் எண்ணே கிடையாது, அப்புறம் எதைப் பார்த்து மறிப்பது? முதல் துண்டை மறித்துவிட்டால் மற்றவை சேர ஆளின்றிப் பாழாகிவிடும் என்று நம்பி, பழைய ஃபில்டர்கள் மீதித் துண்டுகளைச் சும்மா விட்டுவிட்டன. தாக்குகிறவர்கள் இதற்கும் வழி கண்டார்கள். கடைசித் துண்டு தவிர மற்றவற்றின் உள்ளடக்கம் எட்டு பைட்டின் மடங்காக இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் மிகச் சிறிய முதல் துண்டில் எட்டே பைட் வைக்கலாம். டிசிபியின் முதல் எட்டு பைட்டில் இரண்டு போர்ட்டும் சீக்வென்ஸ் எண்ணும் அடங்கிவிடும். ‘புதிய இணைப்பு’ என்று காட்டிக்கொடுக்கும் சின் கொடி இருப்பது 14-ஆம் பைட்டில், அதாவது இரண்டாம் துண்டில். ‘வெளியிலிருந்து புதிய இணைப்பு வரக்கூடாது’ என்ற விதி முதல் துண்டில் கொடியைத் தேடும், காணாது, விட்டுவிடும். 1995-ல் வந்த ஆர்எஃப்சி 1858 இந்தத் தந்திரத்தையும் அதற்கான மருந்தையும் விவரிக்கிறது. மூன்றாம் அடுக்கில் நின்றுகொண்டு நான்காம் அடுக்கை எட்டிப் பார்ப்பதன் விலை இது.

அதைவிட அன்றாடத் தொல்லை ஒன்று உண்டு: திரும்பி வரும் பாக்கெட். நீங்கள் ஒரு தளத்தின் பாதுகாப்பான வெப் போர்ட்டான 443-க்குப் போகிறீர்கள். உங்கள் பக்கத்து போர்ட் லினக்ஸில் வழக்கமாக 32768 முதல் 60999 வரை ஏதோ ஒன்று. பதில் அந்த எண்ணைத் தேடி வரும். ஞாபகம் இல்லாத ஃபில்டரில் 1024-லிருந்து 65535 வரை மொத்தமாகத் திறந்துவைக்க வேண்டும். சிஸ்கோ ரவுட்டர்களில் ‘எஸ்டாபிளிஷ்டு’ என்று ஒரு சொல் உண்டு. பேரைப் பார்த்து ஏமாறக்கூடாது. இணைப்பு நிஜமாக இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. டிசிபி ஹெடரில் ஆக் அல்லது ரீசெட் கொடி இருக்கிறதா என்பதோடு சரி. அந்தக் கொடியை யார் வேண்டுமானாலும் போட்டு அனுப்பலாம். என்மேப் கருவியின் ஆக் ஸ்கேன் இதை வைத்துத்தான் எதிரில் இருப்பது ஞாபகம் உள்ள ஃபயர்வாலா இல்லாததா என்று துழாவுகிறது.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். அமேசான் கிளவுடில் இரண்டு ஃபயர்வால்கள் உண்டு: செக்யூரிட்டி குரூப் ஸ்டேட்ஃபுல் (ஞாபகம் உள்ளது), நெட்வொர்க் ஏசிஎல் ஸ்டேட்லெஸ் (ஞாபகம் இல்லாதது). நான் ஒருமுறை புதிதாக ஒரு ஏசிஎல் எழுதி, உள்வருகைக்கு 443-ஐத் திறந்துவிட்டு, வெளிச்செல்கைக்கு அந்தப் பெரிய போர்ட் வரம்பைத் திறக்க மறந்துபோனேன். சர்வரில் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியைப் போட்டுப் பார்த்தால் சின் வந்து சேர்கிறது, சின்-ஆக் கிளம்பிப் போகிறது, அதோடு சரி, மறுபடியும் அதே சின். செக்யூரிட்டி குரூப்பையே மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்ததில் பாதி நாள் போயிற்று. குற்றவாளி நான்தான். இரண்டு ஃபயர்வாலும் பார்ப்பது அதே ஐபி, அதே போர்ட். படிக்கும் அடுக்குகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. ஒன்றுக்கு ஞாபகம் இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை.

ஸ்டேட்ஃபுல் ஃபயர்வாலின் சாரமும் இந்த ஞாபகம்தான். செக் பாயிண்ட் நிறுவனம் 1994-ல் ஃபயர்வால்-1 என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. லினக்ஸில் 2001-ல் வந்த 2.4 கெர்னலோடு இதைச் செய்யும் நெட்ஃபில்டரும் ஐபிடேபிள்ஸும் சேர்ந்து வந்தன. உள்ளே ஒரு அட்டவணை இருக்கும்: இரண்டு முகவரி, இரண்டு போர்ட், புரோட்டோகால், இப்போது எந்த நிலை. முதல் சின் விதிகளைத் தாண்டி வந்தால் ஒரு வரி பதிவாகும். அதன்பின் வருகிறவை அந்த வரியோடு பொருந்தினால் போதும். டிசிபியின் கைகுலுக்கல், விடைபெறுதல் எல்லாம் புரிவதால் ‘நான்காம் அடுக்கு’ என்ற பெயர் இங்கே நியாயமானதுதான்.

ஆனால் யுடிபியைப் பாருங்கள். அதில் இணைப்பு என்ற ஒன்றே கிடையாது. அப்படியும் ஃபயர்வால் அதற்கு ஒரு வரி எழுதிக்கொள்கிறது. லினக்ஸில் இயல்பாக 30 வினாடி, அதற்குள் மறுபக்கத்திலிருந்து பதில் வந்தால் அது இந்த உரையாடலைச் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ளும். நான்காம் அடுக்கில் இல்லாத ஒரு உறவை ஃபயர்வால் தானாகக் கற்பித்துக்கொள்கிறது. டிசிபிக்கு இதே கடிகாரம் இயல்பாக 432000 வினாடி, அதாவது ஐந்து நாள். நடுவில் இருக்கும் வேறொரு ஃபயர்வால் அதைவிடச் சீக்கிரம் மறந்துவிட்டால், இரவில் சும்மா கிடந்த டேட்டாபேஸ் இணைப்பு காலையில் செத்துக் கிடக்கும். இரண்டு முனைகளும் இணைப்பு உயிரோடு இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருக்கும். இந்த மாதிரிப் புகார் வந்தால் முதலில் நடுவில் யார் மறந்தது என்று தேடுங்கள்.

இப்போது 3–7 என்று சொல்கிற புத்தகத்துக்கு வருவோம். அதற்குச் சாட்சி, கோப்புகளை அனுப்பும் எஃப்டிபி. ஆக்டிவ் முறையில் கிளையன்ட், போர்ட் 21 வழியாகப் ‘போர்ட்’ என்ற கட்டளையோடு ஆறு எண்களை அனுப்பும். உதாரணமாக 192,168,1,5,195,80. முதல் நான்கும் ஐபி முகவரி. கடைசி இரண்டும் போர்ட்: 195-ஐ 256-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்டினால் 50000. சர்வர் தன் 20-ஆம் போர்ட்டிலிருந்து இந்த 50000-க்குப் புதிதாக ஒரு இணைப்பைத் தொடங்கும். ஃபயர்வாலுக்கு இது அழையா விருந்தாளி. உள்ளே விட வேண்டுமென்றால் அந்தக் கட்டளையைப் படித்திருக்க வேண்டும், கட்டளை இருப்பதோ ஏழாம் அடுக்கில், அதாவது செயலியின் பேச்சில். லினக்ஸில் இதற்கென்றே கான்டிராக் எஃப்டிபி ஹெல்பர் என்று ஒரு தனி மாட்யூல் உண்டு. கட்டளை வழியை டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கம் போட்டு மறைத்துவிட்டால் அந்த ஹெல்பருக்குக் கண் தெரியாது. ஆக ஸ்டேட்ஃபுல் ஃபயர்வால் பொதுவாக 3–4-ல் நின்று, தேவைப்படும் சில இடங்களில் மட்டும் ஏழுக்கு ஏறி இறங்குகிறது. ஒரு புத்தகம் அது நிற்கும் இடத்தை எழுதியது, இன்னொன்று அது ஏறக்கூடிய உயரத்தை எழுதியது.

இந்த இடத்தில் ஐசிஎம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்குப் போர்ட் கிடையாது. ஆனால் பிழைச் செய்தியாக வரும்போது, பிரச்சினைக்குக் காரணமான மூலப் பாக்கெட்டின் ஐபி ஹெடரையும் அதற்கடுத்த எட்டு பைட்டையாவது தன் வயிற்றில் சுமந்து வரும். அந்த எட்டு பைட்டில் போர்ட்கள் இருக்கின்றன அல்லவா, அதை வைத்து ஃபயர்வால் தன் அட்டவணையில் தேடி ‘இது இன்னாருக்கு வந்த செய்தி’ என்று கண்டுகொள்ளும். ஐசிஎம்பி என்றாலே பிங்தான் என்று எண்ணி மொத்தமாக மூடிவிடுகிறவர்கள் ‘வகை 3, குறியீடு 4’ என்ற செய்தியையும் கொன்றுவிடுகிறார்கள். பாக்கெட் இந்த வழிக்குப் பெரிது, துண்டாக்கவும் அனுமதியில்லை என்று சொல்கிற செய்தி அது. விளைவு, சின்னப் பக்கங்கள் திறக்கும், பெரியவை பாதியில் தொங்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சர்க்யூட் லெவல் கேட்வேயைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிரங்க் கால் காலம் ஞாபகம் இருப்பவர்களுக்கு எளிது. யார் யாருக்குப் பேச வேண்டும் என்று ஆபரேட்டர் கேட்பார், இணைப்பைப் போட்டுக்கொடுப்பார், பேசுவது என்ன என்பது அவர் வேலை இல்லை. சாக்ஸ் புரோட்டோகால் அப்படித்தான். 1992-ல் வெளியாகி, அதன் ஐந்தாம் பதிப்பு 1996-ல் ஆர்எஃப்சி 1928 ஆனது. வழக்கமான போர்ட் 1080. கிளையன்டிலிருந்து கேட்வே வரை ஒரு டிசிபி இணைப்பு, அங்கிருந்து சர்வருக்கு இன்னொன்று. உரையாடலைத் தொடங்கலாமா என்பது மட்டும் பரிசீலனை. உரையாடல் என்றால் ஓஎஸ்ஐ அகராதியில் செஷன், அதனால் ஐந்து என்று எழுதிவிட்டார்கள். தூரத்துக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்-இல் மைனஸ் டி போட்டு நீங்கள் உருவாக்குவதும் இந்த சாக்ஸ் பிராக்ஸியைத்தான்.

அப்ளிகேஷன் பிராக்ஸி கல்யாணத் தரகர் மாதிரி. மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் நேரில் பேசிக்கொள்வதே இல்லை. ஒரு பக்கம் சொன்னதைத் தரகர் கேட்டு, விளங்கிக்கொண்டு, தன் வாயால் மறுபக்கம் சொல்கிறார். ஒவ்வாததை விழுங்கியும் விடுகிறார். 1990-களின் தொடக்கத்தில் வந்த டிஐஎஸ் ஃபயர்வால் டூல்கிட்டில் டெல்நெட்டுக்கு ஒன்று, எஃப்டிபிக்கு ஒன்று, மெயிலுக்கு ஒன்று என்று தனித்தனிப் பிராக்ஸிகள் இருந்தன. இங்கே இணைப்பு நிஜமாகவே வெட்டப்படுகிறது. அதனால் ஒரு நன்மை சத்தமில்லாமல் கூடவே வருகிறது. மேலே சொன்ன துண்டுத் தந்திரம் பிராக்ஸியின் சொந்த இயங்குதளத்தில் ஒட்டவைக்கப்பட்டு அங்கேயே முடிந்துபோகும். உள்ளே போவது பிராக்ஸி புதிதாகப் பிறப்பித்த பாக்கெட். ஏழில் உட்கார்ந்திருப்பவர் மூன்றையும் நான்கையும் போகிறபோக்கில் துடைத்துவிடுகிறார். குறை என்னவென்றால், தரகருக்குத் தெரியாத பாஷையில் பேச்சே நடக்காது. ஒவ்வொரு புதுப் புரோட்டோகாலுக்கும் ஒரு புதுப் பிராக்ஸி வேண்டும்.

வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால் இந்தத் தரகரின் ஒரே பாஷை தெரிந்த தம்பி. எச்டிடிபி மட்டும் தெரியும், அதை நன்றாகத் தெரியும். சர்வர் வாசலில் நின்று, உள்நுழைவுப் படிவத்தில் கடவுச்சொல்லுக்குப் பதில் டேட்டாபேஸ் கட்டளையான எஸ்க்யூஎல் துண்டு வருகிறதா என்று பார்க்கும். 2002-ல் வந்த மாட்செக்யூரிட்டி இந்த வகையில் பலருக்குக் கைப்பழக்கமானது. அந்தத் துண்டு 443-ல் முறையாக வந்த பாக்கெட்டுக்குள் இருப்பதால் மூன்று, நான்காம் அடுக்கு விதிகளுக்கு அதில் ஒரு குறையும் தெரியாது.

அப்புறம் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’. விற்பனைத் தாள்களில் ஏழாம் அடுக்கு என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். இவை பெரும்பாலும் பிராக்ஸி போல இணைப்பை வெட்டுவதில்லை. ஓடுகிற ஓட்டத்தைப் பக்கவாட்டில் நின்று படித்து, இது யூடியூபா, டோரென்டா, வாட்ஸ்ஆப்பா என்று அடையாளம் காண்கின்றன. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. டிசிபி கைகுலுக்கலின் மூன்று பாக்கெட்டில் வழக்கமாகச் செயலியின் தரவு எதுவுமே இல்லை. எந்தச் செயலி என்று தெரிய வேண்டுமானால் கைகுலுக்கலை விட்டு, அதற்கடுத்த சில பாக்கெட்டையும் விட்டுத்தான் பார்க்க வேண்டும். ‘டோரென்டை மறி’ என்ற விதி முதல் பாக்கெட்டிலேயே பாய முடியாது. எனவே ஏழாம் அடுக்கு விதி இருக்கிறதே என்று போர்ட் விதிகளைத் தளர்த்துவதை நான் ஏற்பதில்லை. முதல் பாக்கெட்டை நிறுத்தக்கூடியது இன்னமும் 3–4 விதிதான்.

இந்த ஏழாம் அடுக்குப் பார்வைக்கும் திரை விழுந்துகொண்டிருக்கிறது. 2018-ல் வந்த டிஎல்எஸ் 1.3-ல் சர்வரின் சான்றிதழும் மறைகுறியாக்கப்பட்டே வருகிறது. எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது தொடக்கச் செய்தியின் எஸ்என்ஐ புலத்தில் பெரும்பாலும் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது, அதையும் மறைக்கும் வேலை நடக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டுமென்றால், நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழை எல்லாக் கணினியிலும் நிறுவி, இணைப்பை நடுவில் வெட்டி, பிரித்துப் படித்து, மறுபடி மூடி அனுப்ப வேண்டும். அப்படிச் செய்தால் அது பழைய தரகரேதான், பெயர் மட்டும் புதிது.

2021-ல் ஆர்எஃப்சி 9000 ஆன க்விக் என்ற புதிய புரோட்டோகால் இன்னும் ஒரு படி கீழே இறங்கிவிட்டது. அது யுடிபி 443-ல் ஓடுகிறது. பாக்கெட் எண், ஒப்புகை, இணைப்பை மூடும் செய்தி எல்லாமே மறைகுறியாக்கத்துக்குள். டிசிபியில் திறந்து கிடந்த நான்காம் அடுக்கின் பேச்சே இங்கே தெரியாது. இணைப்பு முடிந்ததா என்று ஃபயர்வாலுக்குத் தெரியாததால் பழையபடி யுடிபி கடிகாரத்தையே நம்ப வேண்டியிருக்கிறது. பல அலுவலகங்களில் யுடிபி 443-ஐயே மறித்துவிடுகிறார்கள், பிரவுசர் சத்தமில்லாமல் டிசிபிக்குத் திரும்பிவிடும்.

இரண்டாம் அடுக்கை விட்டுவிட்டேன். மேக் முகவரியை வைத்து வடிகட்டுவது லினக்ஸில் இபிடேபிள்ஸால் முடியும். ஆனால் அந்த முகவரி முதல் ரவுட்டரோடு தீர்ந்துவிடும், மாற்றுவதும் சுலபம். குழப்புவது ‘டிரான்ஸ்பேரன்ட் மோட்’. ஃபயர்வால் ஒரு பிரிட்ஜ் போல, அந்த வழியில் தனக்கென்று ஐபி முகவரி இல்லாமல் கேபிளின் நடுவே உட்காரும். பாக்கெட்டைக் கடத்துவது இரண்டாம் அடுக்கில், தீர்ப்புச் சொல்வது மூன்று முதல் ஏழு வரை எதிலும் இருக்கலாம். நேர்முகத் தேர்வில் இதைக் கேட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, மடிக்கணினியில் புது மென்பொருள் ஒன்றை முதல்முறை ஓட்டும்போது விண்டோஸ் ‘இந்த நிரலை அனுமதிக்கலாமா?’ என்று கேட்குமே, அது எந்த அடுக்கு? நிரலின் பெயர் பாக்கெட்டில் எந்த ஹெடரிலும் இல்லை. ஏழாம் அடுக்கு வரை துருவினாலும் கிடைக்காது. போர்ட்டைத் திறக்கச் சொல்லி எந்த நிரல் கேட்டது என்பது இயங்குதளத்துக்குத் தெரியும், அங்கேயே கேட்டு அங்கேயே முடிவெடுக்கிறது. விண்டோஸ் இந்தப் பகுதிக்கு ‘அப்ளிகேஷன் லேயர் என்ஃபோர்ஸ்மென்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறது. அது அப்ளிகேஷன் அடுக்கின் தரவில் ஒரு பைட்டைக்கூடப் படிப்பதில்லை.